கவிழ்த்து வைத்த போசி

பிப்ரவரி 3, திங்கள்

இன்றிலிருந்து பால் கிடையாது.

அதை வாயைத் திறந்து சொல்லக்கூட மயிலாத்தாவுக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் மதில் மேல் தினமும் காலை ஆறரைக்குப் பால் நிறைந்து நிற்கும் எங்கள் தூக்குப்போசி, இன்று கழுவித் துடைத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மூடி தனியாகப் பக்கத்தில்.

"என்னக்கா, மாடு கறக்கலையா?" என்று மதிலை எட்டிக் கேட்டேன். சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"கறந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். கறந்த பால் முழுதும் கேனில், சொசைட்டி வண்டிக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தது. என் கண்ணெதிரே.

காரணம் தெரியாமல் இல்லை. மார்ச் ஆறாம் தேதி கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊருக்குக் கிழக்கே, கல் எடுத்து முடித்த பாறைக்குழியில் சாயப்பட்டறைக் கசடைக் கொட்டி நிரப்பும் கம்பெனி, பக்கத்திலிருக்கும் இரண்டாவது குழியையும் கேட்கிறது. இரண்டு குழிகளையும் ஒட்டி மயிலாத்தாவின் ஒன்றரை ஏக்கர். நான் அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறேன். கசடு நிலத்தடிக்குக் கசிகிறதா என்று பார்க்க முதல் குழியைச் சுற்றி மூன்று போர்க் கிணறு போட்டிருக்கிறார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மூன்றிலும் தண்ணீர் பிடித்து, உப்பு எவ்வளவு, நிறம் என்ன, வாசனை என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவளுக்கு நடந்து போகிற தூரத்தில் கிடைத்த வேலை. கசடை நானா கொட்டுகிறேன்? மீட்டர் காட்டுவதை எழுதுகிறேன்.

போசியை நானும் எடுக்கவில்லை. அங்கேயே கிடக்கட்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பாக்கெட் பால். மிருதுளா இரண்டு முறை கக்கினாள். பதினான்கு மாதக் குழந்தையிடம் காட்டுவது என்ன வீரமோ.

பிப்ரவரி 11, செவ்வாய்

நாளை தண்ணீர் பிடிக்கும் நாள். வழக்கம்போல சைட் மேனேஜர் திருமூர்த்திக்குப் போன் செய்தேன். ஒருநாள் முன்னால் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று பேஸ் கரண்ட் ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் சாயந்திரம் வரும். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மோட்டார் பெட்டிச் சாவி அவரிடம். முதல் மாதமே அவர் போட்ட ஏற்பாடு இது. "நீங்க கைக்கொழந்தைய வெச்சுட்டு வந்து காத்துக் கெடக்கக் கூடாதுங் மேடம், முந்துன நாளே ஒரு போன் போட்டுருங்க" என்றார். அப்போது நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"காலைல ஏழு மணிக்கு வாங்க மேடம். எல்லாம் ரெடியா இருக்கும்" என்றார்.

தண்ணீர் பிடிக்க என்ன ரெடி செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. சாவியைச் சொல்கிறார்.

பிப்ரவரி 12, புதன்

என் வீட்டுக்காரர் லோகு பனியன் கம்பெனிக்குக் கிளம்புவதற்குள் திரும்ப வேண்டும் என்று ஓடினேன். மிருது அவரிடம் இருக்க மாட்டேன் என்று கத்தியது குழிமேடு வரை கேட்டது.

முதல் போர்: 2,050. இரண்டாவது: 1,980. மூன்றாவது: 1,160. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் உப்பு. நிறம் இல்லை.

மூன்றாவது போர்தான் குழியின் கிழக்குச் சரிவில், மயிலாத்தாவின் வேலிக்குப் பத்தடி தள்ளி இருக்கிறது. அதைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. வண்டித் தடமும் புதிது. இரவு பனி அதிகம்.

பாட்டிலை முகர்ந்தேன். லேசாக பிளீச்சிங் வாசனை. பாட்டிலை நான் கழுவியதில் ஒட்டியிருக்கும்.

திரும்பும்போது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் நின்றார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொல்வதுபோல, "தள்ளி நில்லு, தண்ணி டாக்டரு வருது" என்றாள். மற்றவள், "டாக்டரு கை வெச்சா ஆடு கூடப் பொழைக்காது புள்ள, ஓட்டு ஓட்டு" என்றாள். சிரித்துக்கொண்டே போனார்கள். சிரிக்கட்டும்.

பதினான்காவது ரிப்போர்ட் அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 13, வியாழன்

ஒன்பது நாள் கழித்து நல்ல தண்ணீர் விட்டார்கள். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர். ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். போரில் வருவது உப்புத் தண்ணீர், துவைக்கவும் மாட்டுக்கும். அதைக் குடிப்பதில்லை என்பதால்தான் அது கெட்டுப்போனாலும் கணக்கில்லை என்று கம்பெனி அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. வரி என்னுடையதல்ல.

குழாயடியில் எனக்கு முன்னால் எட்டு குடம். என் முறை வந்ததும் மயிலாத்தா தன் குடத்தை நகர்த்தி நடுவில் வைத்தாள்.

"முறை என்னுதுக்கா" என்றேன்.

"உனக்கெதுக்கு அம்மிணி இந்தத் தண்ணி? ஊரு பூராம் ரெண்டாயிரம் உப்பு. சாயக்குழி ஓரத்துல மட்டும் ஆயிரத்து நூறுன்னு எழுதிக் குடுத்துருக்கறயாமா? பொழுதன்னைக்கும் விசம் கொட்டுற எடத்துல தண்ணி இனிக்குதுங்கறே. நீ அங்கயே போயி மொண்டுக்க. நாங்களும் குழியோரமாப் பொங்க வெச்சுக் குடி போயிடறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளக்க முடியாது. நிலத்தடியில் பாறை வெடிப்பைப் பொறுத்து உப்பு மாறும். மாறலாம்.

வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கியதும் முகர்ந்து பார்த்தேன். பிளீச்சிங் வாசனை. குழாய்த் தண்ணீரில் எப்போதும் போடுவதுதான்.

நேற்றைய பாட்டிலில் இருந்ததும் இதே வாசனை. பாட்டிலை நான் இந்தத் தண்ணீரில் கழுவுவதில்லை. வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரில்தான் கழுவுவேன்.

தூக்கம் வருகிறது. போதும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விடிந்ததும் பார்த்தால் கேட் முழுக்கச் சாணிக் கரைசல். கட்டியாகக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். நான் தேய்த்துக் கழுவும்போது தெருவே தத்தம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. லோகு உள்ளேயிருந்து வரவேயில்லை. அவர் பிறந்த ஊர். அவருக்கு வெட்கம், என்னால்.

"வேலைய விட்டுரட்டுமா?" என்று கேட்டேன்.

"விட்டா மட்டும் இவனுங்க சும்மா இருப்பானுங்களா? நீ என்ன பொய்யா எழுதறே? மீட்டர் காட்டறதத்தான எழுதறே?"

அது என்னுடைய வாக்கியம். அவர் வாயில் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

சண்டை போடத்தான் போனேன். மிருதுவுக்குப் பாக்கெட் பால் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு உப்பிக்கொண்டு அழுகை. என்மேல் கோபம் என்றால் என்னைக் கேட்கட்டும், குழந்தையின் வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்டுவிடுவது என்று, இடுப்பில் பிள்ளையோடு மயிலாத்தாவின் கட்டுத்தரைக்குப் போனேன்.

அவள் மாட்டின் பின்பக்கத்தை வெந்நீரால் கழுவிக்கொண்டிருந்தாள். மாடு தலையைத் தொங்கப் போட்டு நின்றது. கீழே சாக்குப் பை போட்டு எதையோ மூடியிருந்தது.

"கன்னு வீசிருச்சு" என்றாள், நான் கேட்காமலே. "ஆறு மாசச் சினை, கலைஞ்சு போச்சு. ஐப்பசில அந்த மாட்டுக்கு, இப்ப இதுக்கு."

நான் கொண்டுபோன சண்டை வாயிலேயே நின்றுவிட்டது.

"டாக்டரக் கூப்டீங்களா?"

"அந்த மாட்டுக்கு வீசுனப்பவே வந்தாரு. சீக்கா இருக்கும், ரத்தம் எடுத்துப் பாக்கணும்னாரு. பாத்தாரு, போன மாசந்தான் முடிவு வந்துச்சு. சீக்கு இல்லயாமா. பொறவு என்னன்னு கேட்டா, தண்ணி எது குடிக்குதுன்னு என்னயவே கேக்கறாரு." தண்ணீர்த் தொட்டியைக் கையால் காட்டினாள். சிமென்ட்டுத் தொட்டி. தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுற்றிலும் ஒரு கருஞ்சிவப்புக் கோடு.

"அதுக்குத்தான் பால நிறுத்துனீங்களா?"

"பொறவு? உன்ற மூஞ்சிக்காகவா நிறுத்துனேன்? உன்ற மூஞ்சிக்கு நான் போசில மண்ணள்ளிப் போட்டு வெச்சிருப்பேன்." மிருது அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் தொடவில்லை. கை ஈரம். "மாட்டுக்கே ஆகாத தண்ணி. அந்தப் பால எப்படி அம்மிணி இதுக்கு ஊத்தறது?"

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அப்புறம் சொசைட்டிக்கு ஊத்தறீங்களேக்கா?"

வெகுநேரம் மாட்டைத் தேய்த்தாள்.

"அங்க நூறு வீட்டுப் பாலு ஒண்ணாச் சேருது. அதுல கலந்தா தெரியாது. நான் எதத் தின்னட்டும்?" பிறகு நிமிர்ந்து, "நீயும் அப்படிக் கலக்கறவதான" என்றாள்.

"நான் எதையும் கலக்கலக்கா."

"நீ கலக்கல. விடியால அஞ்சு மணிக்கு டேங்கர் லாரி வந்து அந்தப் போர்க்குழாய்ல ஆத்துத் தண்ணிய ஊத்திட்டுப் போகுது. நீ வர்ற அன்னிக்கு மட்டும் வருது. என்ற வேலிக்குப் பத்தடி, எனக்குக் கண்ணு இல்லயா? உனக்குத் தெரியாதுன்னு சொல்லு. சொல்லு பாக்கலாம்."

மிருது அழ ஆரம்பித்தாள். அந்தச் சாக்கில் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

துணி துவைத்தேன். அரிசி அரைத்தேன். எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாளைதான் முறைநாள். காலையில் திருமூர்த்திக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன். பத்து மணிக்கு இன்றைக்கே போனேன்.

சாவி இல்லை, மோட்டார் போட முடியாது. மிருதுவின் கிரைப் வாட்டர் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போயிருந்தேன். ஒல்லியான கண்ணாடிப் பாட்டில். கழுத்தில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, சாக்கு தைக்கும் சணலில் முடிந்து, மூன்றாவது போரின் மூடியைத் தள்ளி, மோட்டார் குழாய்க்குப் பக்கத்து இடுக்கில் இறக்கினேன். மிருதுவை முந்தானையால் முதுகோடு கட்டியிருந்தேன். லோகு வேலைக்குப் போய்விட்டார், வேறு யாரிடம் விடுவது? இந்த ஊரில் யார் வாங்குவார்கள்?

சணல் தீர்ந்துவிட்டது. பாட்டில் தண்ணீரைத் தொடவில்லை.

"அறுவது அடி வேணும்." வேலிக்கு அந்தப் பக்கம் மயிலாத்தா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. "காலேஜுல கவுறு அளக்கச் சொல்லித் தரலயா?"

சணலை மேலே இழுத்தேன். அவள் போனாள். திரும்பி வந்தபோது கையில் மாட்டுக்கயிறு மூன்று, ஒன்றோடொன்று முடிந்திருந்தது. வேலி மேலே வீசினாள். கையில் கொடுக்கவில்லை.

"முடிச்சு அவுறாது. எறக்கு."

இறக்கினேன். பாட்டில் நிறையும் குளுக் குளுக்கென்ற சத்தம் குழாய்க்குள்ளிருந்து கேட்டது. மேலே வந்தபோது பாட்டிலுக்குள் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போல இருந்தது. மீட்டரை முக்கினேன். 7,420. மறுபடி முக்கினேன். 7,420.

"எவ்வளவு?" என்றாள்.

சொன்னேன்.

"கூடவா, கொறச்சலா?"

"கூடக்கா."

"எனக்கு இது அந்த மெசினு இல்லாமயே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 26, புதன்

ஏழு மணிக்கு, மோட்டார் போட்டு, முறைப்படி: மூன்றாவது போர் 1,150. நிறம் இல்லை. மண் ஈரம். பிளீச்சிங் வாசனை. இருபத்தோரு மணி நேரத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் உப்பு எங்கே போனது?

திருமூர்த்தி டீ வாங்கி வைத்திருந்தார். எப்போதும்போல ஏலக்காய் டீ.

"நேத்து இந்தப் பக்கமா வந்திருந்தீங்களாமாங் மேடம். ஆட்டுக்காரங்க சொன்னாங்க."

"நடந்துட்டு வந்தேன்."

"வாங்க வாங்க, யாரு வேண்டாங்கறா? வெயில்ல கொழந்தையோட வராதீங்க, அதுக்குத்தான் சொல்றேன்." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "இதோட பதினஞ்சு ரிப்போர்ட்டுங். பதினஞ்சுலயும் உங்க கையெழுத்து. எங்க கையெழுத்து ஒண்ணுலயும் இல்ல. கூட்டத்துல நீங்களே படிச்சிருங்க. நம்ம ஊரு மருமக படிச்சா சனங்களுக்கும் ஒரு நம்பிக்கை." கிளம்பும்போது கேட்டார்: "கொழந்தைக்குப் பாலு எங்கிங் வாங்கறீங்க இப்ப?"

மனிதர் அக்கறையாகத்தான் கேட்டார் என்று யாராவது சொன்னால் நம்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். வேலைக்குச் சேர்ந்த அன்று தொடங்கிய நோட்டு.

ஆகஸ்ட் 14. என் கையெழுத்து: 'மூன்றாவது போர் வாயில் ஈரம். தண்ணீரில் பிளீச்சிங் வாசனை. திருமூர்த்தியிடம் கேட்க வேண்டும்.' அதன் மேல் ஒரு கோடு. கோட்டின் வழியாக எல்லாம் படிக்க முடிகிறது.

கேட்கவில்லை. ஆகஸ்ட் 28லும் 'வாசனை'. செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை வாசனையைப் பற்றி எழுதவே இல்லை. பிளீச்சிங் வாசனை எங்கிருந்து வரும் என்று தெரியாமல் ஒருத்தி கெமிஸ்ட்ரியில் பாஸ் செய்ய முடியாது. கரைசலில் தண்ணீர் ஊற்றினால் அளவு குறையும் என்பது பிளஸ் டூ பாடம். எனக்கு முதல் நாளே தெரியும். மிருதுவுக்கு அப்போது எட்டு மாதம், அம்மாவீட்டுச் செலவில் டின் பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதைக் காரணமாக எழுதப் போவதில்லை.

ஐப்பசியில் முதல் மாட்டுக்குக் கன்று வீசியது. அப்போது நான் ஐந்து கையெழுத்துப் போட்டிருந்தேன்.

லோகு என் பின்னால் நின்று படித்திருக்கிறார். "அந்த ஆகஸ்டுப் பக்கத்தக் கிழிச்சுப் போடு" என்றார். "மத்தத வேணா வெச்சுக்க."

மார்ச் 6, வியாழன்

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, பக்கத்தில் கம்பெனிக்காரர்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் பின்னாலிருந்து 'ஊ' என்று ஊளை. மிருதுவை லோகுவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

ரிப்போர்ட்டைப் படித்தேன். 1,150 என்றேன். அடுத்து, அதற்கு முந்தின நாள் கயிறு விட்டு எடுத்தபோது 7,420 என்றேன். டேங்கரைச் சொன்னேன். போன் செய்ததைச் சொன்னேன். எந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

கை தட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேனா? இருக்கலாம். ஒருவர் எழுந்தார். "அப்ப ஏழு மாசமாத் தெரிஞ்சே எழுதுனயா?" அவ்வளவுதான். நாற்காலிகள் உருண்டன. டீக் கப்பு ஒன்று என் தோளில் வந்து விழுந்தது. சூடு ஆறியிருந்தது. கம்பெனிக்காரர்கள் கத்தவில்லை. திருமூர்த்தி மட்டும் மேடைப் பக்கம் சாய்ந்து, "பிரசவத்துக்கு அப்பறம் மனசு சரியில்லாத புள்ளைங்க சார், ரெக்கார்டு எல்லாம் கரெக்டா இருக்குது" என்றார். மைக் ஆன் ஆகியிருந்தது.

அதிகாரி கேட்டார்: "எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"நோட்டு இருக்குதுங்க சார். அன்னன்னிக்கு எழுதுனது."

"நாளைக்குப் பத்தரைக்குள்ள ஆபீஸ்ல குடுங்க. ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தாலும் வாங்க மாட்டோம். அது வரைக்கும் ரெண்டாவது குழி விஷயம் முடிவாகாது."

வெளியே செருப்பு மாட்டும்போது மயிலாத்தா எதிரில் வந்தாள். நன்றி சொல்ல வரவில்லை.

"ஏழு மாசத்துக்கு முந்தி இந்த வாயத் தொறந்திருந்தா என்ற கட்டுத்தரைல ரெண்டு கன்னு நிக்கும்" என்றாள்.

"ஆமாக்கா."

அப்போதுதான் பிப்ரவரி இருபதாம் தேதிப் பக்கம் நினைவுக்கு வந்தது. சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது, தெரிந்தே ஊற்றுவது, எல்லாம் அவள் வாய் வார்த்தையாகவே எழுதியிருக்கிறேன். அதிகாரி அதையும் படிப்பார். சொசைட்டி அவள் பாலை வாங்காது. அவளுக்கு வேறு வரும்படி கிடையாது.

சொன்னேன். "உங்களப் பத்தி ஒரு பக்கம் இருக்குதுக்கா. சொசைட்டிக்கு ஊத்தறது. அத மட்டும் கிழிச்சிரட்டுமா? கேட்டா ஏதாவது சொல்லிக்கறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு வெறுப்போடு ஒருவர் என்னைப் பார்த்ததில்லை.

"பக்கம் கிழிஞ்சா வாங்க மாட்டேன்னு அந்தாளு சொன்னது காதுல விழுகலயா? என்ற சாக்கச் சொல்லி நீ தப்பிக்கலாம்னு பாக்கறயா அம்மிணி?" சேலையை உதறிக்கொண்டாள். "இருக்கட்டும். நான் ஊத்துனது நெசந்தான?"

மிருது தூங்கிவிட்டாள். நோட்டுக்குப் பக்க எண் போட்டேன். நூற்று எட்டு. ஆகஸ்ட் 14ல் அடித்த கோட்டின் கீழே இன்றைய தேதியிட்டு, 'இது நான் அடித்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

காலை ஆறே முக்காலுக்கு சொசைட்டி வண்டி மயிலாத்தா வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மூன்று முறை. அவள் வெளியே வரவில்லை. வண்டி போனபிறகு கேனைத் தூக்கிக்கொண்டு குழிமேட்டுக்கு நடந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். சரிவில் பால் வெள்ளையாக ஓடிக் கொஞ்ச தூரத்தில் மண்ணில் காணாமல் போனது.

திரும்பி வந்து கேனைக் கழுவினாள். என் பக்கம் பார்க்கவேயில்லை. மதில் மேல், ஒரு மாதமாகக் கவிழ்ந்து கிடக்கும் எங்கள் போசிக்குப் பக்கத்தில் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு பஸ். மிருதுவையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நோட்டைப் பையில் வைக்கிறேன்.